சுடாத கால்

அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் விரித்துப்போட்டு, உச்சி வெயில் ஏறின பிறகு அதற்குள் வெறுங்காலோடு நடந்து பார்த்திருக்கிறீர்களா? நடக்க வேண்டாம் தங்கங்களே, கேட்டுக்கொண்டால் போதும். கீழே சிமெண்டு கொதிக்கும், நடுவில் நெல் கொதிக்கும், மேலே வெயில் கொதிக்கும். அதற்குள்ளே பெண்கள் காலை இழுத்து இழுத்து, ஏர் உழுகிற மாதிரிச் சால் போட்டுக்கொண்டு நடப்பார்கள். அடியில் கிடக்கிற நெல் மேலே வர வேண்டும், மேலே கிடக்கிறது அடிக்குப் போக வேண்டும். பலகை வைத்தும் தள்ளலாம்தான். கால் கிளறுகிற மாதிரி பலகை கிளறாது என்பார் மில் முதலாளி. அவர் கால் அவரிடம் பத்திரமாக இருக்கிறது, சொல்லுவார். செருப்புப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். சோறாகப் போகிற பண்டத்தின் மேல் செருப்புக் காலை வைக்கிறவள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற பாதையில் இருக்கிறது அந்த மில். அங்கே சால் போடுகிறவர்களில் சோணையம்மாள்தான் தலை. மற்றவர்கள் ஒரு சால் போனால் வேப்பமர நிழலுக்கு ஓடிவந்து பாதத்தில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். அவள் மட்டும் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டே இருப்பாள்.

"என்னக்கா, காலா இல்ல கட்டையா?" என்பார்கள்.

"ஆத்தா குடுத்த காலுடி. பூக்குழியில எறங்குன காலு. நெல்லுச் சூடு அதுக்கு எம்மாத்திரம்? முன்னயெல்லாம் எனக்கும் சுட்டதுதான். இப்ப ரெண்டு மூணு வருசமாத்தான் சுடல. அருளு ஏறிக்கிட்டே போகுது" என்பாள் சோணையம்மாள்.

சொல்லிவிட்டுச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் இறங்குவாள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. புருசன் காளைக்கும் இருந்தது. காளை கொரோனாவுக்கு முந்தியே போய்விட்டான். மகன் சிவபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறான், காய்கறி ஏற்றி இறக்குகிற பிழைப்பு. மருமகள் முத்துமீனா மாமியாரோடு அதே களத்தில்தான் வேலை பார்க்கிறாள். மாமியாரும் மருமகளும் ஒரே தூக்குவாளியில் பழைய சோறு கொண்டுபோய், ஒரே சுண்டவத்தலை ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொள்வார்கள். ஆனாலும் ஒருத்தியை ஒருத்தி முழுசாக நம்பினது கிடையாது. மாமியார் மருமகள் என்றால் அப்படித்தானே.

முன்பெல்லாம் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். நாக்கை நீட்டச் சொல்லுவார், ஒரு ஊசி போடுவார், போய்ட்டு வா என்பார். சோணையம்மாளுக்கு அது பிடித்திருந்தது. இப்போது அப்படி இல்லை. வீட்டுக்கே வந்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்க அடுத்த தெரு ராமக்காள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரசர் பார்த்து விசாரிக்க நர்சு சத்யப்ரியா. கை கால் வலிக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஜெயந்த் என்று ஒரு தம்பி. இவர்களையெல்லாம் தாண்டி உள்ளே போனால்தான் டாக்டர் மதுவந்தி. நாலு பேரும் கேட்டதையே கேட்பார்கள். அதைவிட மோசம், ஒருத்தரிடம் சொன்னது அடுத்தவருக்குத் தெரிந்திருக்கும்.

"இதுக்குப் பேரு எங்கூர்ல புறணி" என்றாள் சோணையம்மாள். "ஆஸ்பத்திரியில வேற பேரு வச்சிருக்காகளா?"

ராமக்காள் சிரித்தாள். "புறணி இல்ல மதினி. எல்லாரும் சேந்து உங்களப் பாக்குறாக. டீமு."

"சேந்து பாத்ததெல்லாம் நாங் கண்டாச்சு."

அவள் கண்டது காளையின் கட்டிலைத்தான். அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்திருந்தது. ஒரு காலையில் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி வட்டமாக நின்று இங்கிலீசில் பேசினார்கள். வட்டத்துக்கு வெளியே நின்று இவள் எட்டி எட்டிப் பார்த்தாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிவபாண்டியை எங்கேயோ கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் பார்த்தால் போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் மேடு இருந்தது, ஒரு பக்கம் இல்லை. காளை அந்த இல்லாத பக்கத்தையே தடவிக்கொண்டு கிடந்தான். அடுத்த பொங்கலை அவன் பார்க்கவில்லை.

"கூடி நின்னு பேசுனாக, மறுநா காலைக் காணோம்." இதுதான் சோணையம்மாளுக்குத் தெரிந்த வைத்திய சாஸ்திரம்.

அதனால் அவள் ஒரு சோதனை வைத்தாள். நம் பக்கத்தில் கோடாங்கியிடம் குறி கேட்கப் போகிறவர்கள், வந்த காரியத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உடுக்கை அடித்து அவனே சொல்ல வேண்டும். சொன்னால் தெய்வ வாக்கு, சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். சோணையம்மாள் அதையே ஆஸ்பத்திரிக்கும் வைத்தாள். ராமக்காளிடம் கண் மங்குகிறது என்றாள். நர்சு சத்யப்ரியாவிடம் முழங்கால் குடைகிறது என்றாள். ஆஸ்பத்திரி மருந்துச் சன்னலில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரிடம் தலை சுற்றுகிறது என்றாள். மூன்றும் பொய். மெய்யானது ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் மதுவந்தி சின்ன வயசுக்காரி. சிரித்த முகம். அதுவே சோணையம்மாளுக்குச் சந்தேகம்.

"வாங்கம்மா. கண்ணு மங்குதுன்னு ராமக்கா சொன்னாங்க. முழங்கால் வலின்னு சிஸ்டர்கிட்ட சொல்லிருக்கீங்க. தலை வேற சுத்துதா? ஒரே வாரத்துல இம்புட்டும் வந்துருச்சா?"

"வந்துருச்சு தாயி. நோவு சொல்லிட்டா வருது?"

"வேற ஏதாச்சும் இருக்கா?"

"நீங்கதான் சொல்லணும்."

டாக்டருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. சர்க்கரை ஏன் குறையவே இல்லை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டாள். போடுகிறேன் என்றாள் இவள். அது நாலாவது பொய்.

வீட்டுக்கு வருகிற வழியில் முத்துமீனாவிடம் சொன்னாள்: "பாத்தியா? நாஞ் சொன்னதத்தான் சுத்திச் சுத்தி எங்கிட்டயே சொல்றாக. சொல்லாத ஒண்ணச் சொன்னாகளா? ஒண்ணும் தெரியாது அவுகளுக்கு."

"சொல்லாத ஒண்ணுன்னா என்ன அத்தே?"

"உங்கிட்ட எதுக்கு?"

அந்தச் சொல்லாத ஒன்று அவளுடைய வலது பாதத்தில் இருந்தது, பெருவிரலுக்குக் கீழே. கொப்புளம் எப்போது வந்தது, எப்போது உடைந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் குளிக்கும்போது விரல் பட்டுக் குழியாகத் தட்டுப்பட்டது. வலிக்கவே இல்லை. வலிக்காத புண் என்ன புண் என்று மஞ்சளை அரைத்து அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டாள். காளைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பது மனசுக்குள் ஒரு மூலையில் கிடந்தது. வெளியே சொன்னால் நாலு பேர் கூடுவார்கள். கூடினால் கால் போய்விடும். கால் போனால் களம் போய்விடும். களம் போனால் மருமகள் போடுகிற சோற்றை எதிர்பார்த்து மூலையில் கிடக்க வேண்டும், காளை கிடந்த அதே மூலையில்.

புரட்டாசிக் கடைசி. காலையில் சுள்ளென்று அடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் மூடம் போடுகிற காலம். அன்றைக்கு அழகர்மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. ஈரக்காற்று அடித்த உடனே மேஸ்திரி கத்தினான்: "அள்ளுங்கத்தா, அள்ளுங்க! ஒரு சொட்டு விழுந்தா அம்புட்டும் வீணு!" பெண்கள் பலகையும் விளக்குமாறுமாகப் பாய்ந்தார்கள். களம் முழுக்கக் கிடந்த நெல்லை நடுவில் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு பக்கமும் கல்லை வைத்தார்கள். முத்துமீனா விளக்குமாற்றோடு பின்னால் கூட்டிக்கொண்டே வந்தாள்.

கூட்டினவள் நின்றுவிட்டாள்.

மழை இன்னும் விழவில்லை. களம் காய்ந்துதான் கிடந்தது. அதில் ஒரு காலின் ஈரத்தடம் மட்டும் வரிசையாகப் போயிருந்தது. வலது கால். இடது காலுக்குத் தடமே இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டினது தண்ணீர் இல்லை. தடத்தைத் தொடர்ந்து பார்த்தால், அந்தக் கோடியில் சோணையம்மாள் கல்லைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துகொண்டிருக்கிறாள்.

பிறகு மழை வந்து தடத்தை அழித்துவிட்டது. வேப்பமரத்தடியில் ஒதுங்கினபோது முத்துமீனா மாமியாரின் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"அய்யோ அத்தே! என்ன இது? வாடை அடிக்குதே!"

"மெதுவாப் பேசுடி எடுபட்டவளே. கொப்புளம். ஆறிரும்."

"நடக்கையில வலிக்கலையா ஒங்களுக்கு?"

"வலிச்சாத்தான சொல்றதுக்கு?"

"டாக்டரம்மாட்டச் சொல்லுவோம் அத்தே."

சோணையம்மாள் மருமகளின் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். "எந் தலையிலடிச்சுச் சத்தியம் பண்ணு. ஒம் புருசங்கிட்டச் சொல்லக்கூடாது. ராமக்காட்டச் சொல்லக்கூடாது. அந்த நாலு பேருக்குஞ் சொல்லக்கூடாது. சொன்னீன்னா நாஞ் செத்தேன்னு வச்சுக்க."

மழைச் சாரலில் நின்றுகொண்டு முத்துமீனா சத்தியம் பண்ணினாள். சின்னப் பெண்தானே, வேறு என்ன செய்வாள்? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி மாமியார் தூங்கினபின் துணியை மட்டும் மாற்றிக் கட்டினாள். மாமியார் அசைய மாட்டாள். மருமகள் கை பட்டதுகூடத் தெரியாமல் குறட்டை விடுவாள்.

மறுவாரம் ஜெயந்த் வீட்டுக்கே வந்தான். முழங்காலுக்குத்தான். பொய்யாகச் சொன்ன முழங்கால்.

"அம்மா, காலை நேரா நீட்டுங்க. மடக்குங்க. இன்னொரு தடவ."

சோணையம்மாள் சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு நீட்டினாள், மடக்கினாள்.

"முட்டி நல்லாத்தானே இருக்கு. எந்திரிச்சு நடங்க, பாப்போம்."

நடந்தாள். நீங்களும் நானும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தத் தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வலது பாதத்தக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"முட்டிக்கு வந்தவன் முட்டியப் பாரு தம்பி. பாதத்துல என்ன, சக்கரமா இருக்கு பாக்குறதுக்கு?"

அவன் வற்புறுத்தவில்லை. வாசலில் போய் நின்று போனில் பேசினான். சோணையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தாள். பாதி இங்கிலீசு. நடுவில் 'ரைட் ஃபுட்' என்றான். அந்த இரண்டு வார்த்தையும் அவளுக்குத் தெரியும். காளையின் கட்டிலைச் சுற்றி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சாயங்காலம் ராமக்காள் வந்தாள். "மதினி, காலையில ஒங்கள வரச் சொன்னாக. டாக்டரம்மா இருப்பாக, எல்லாரும் இருப்போம்."

அவள் போனதும் சோணையம்மாள் முத்துமீனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒஞ் சத்தியம் அம்புட்டுத்தானாடி? எந் தல ஒனக்கு வெறகுக்கட்டையா?"

"நான் சொல்லல அத்தே! சத்தியமாச் சொல்லல!"

"பெறகு எப்படி அவனுக்கு வலது காலுன்னு தெரிஞ்சது? கூடிட்டீக. மருமக, ராமக்கா, அந்தத் தம்பி... எம் மகனும் கையெழுத்துப் போடத் தயாரா இருப்பான்."

சிவபாண்டி ஒன்றும் புரியாமல், தின்றுகொண்டிருந்த தோசையோடு விழித்தான். "என்னம்மா? எந்தக் கையெழுத்து?"

"தின்னு. நல்லாத் தின்னு."

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது வைத்தியத்துக்கு இல்லை. முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான். டாக்டரின் அறையில் நாலு பேரும் இருந்தார்கள். முத்துமீனா சுவரோரம் ஒண்டிக்கொண்டாள்.

"கூடியாச்சா?" என்றாள் சோணையம்மாள். "யாரு சொன்னா? இவதான சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா" என்றாள் டாக்டர் மதுவந்தி. "உட்காருங்க. முட்டி நல்லாருக்கு, ஆனா காலை ஊனுறது சரியில்லன்னு ஜெயந்த் பாத்தாரு. சர்க்கரை எறங்கவே மாட்டேங்குதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. வாசல் குழாய்ல கால் கழுவுறவங்க, இப்பல்லாம் உள்ள போய்க் கழுவுறீங்கன்னு ராமக்கா சொன்னாங்க. ஆளுக்கு ஒண்ணு பாத்தோம். அம்புட்டுத்தான்."

"அப்ப எனக்கு என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியல."

சோணையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கோடாங்கியும் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தெரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"நெசமாவே தெரியலம்மா. நீங்க காட்டுனாத்தான் தெரியும். காட்ட இஷ்டமில்லன்னா அந்த இடது காலையாச்சும் குடுங்க. அது நல்ல கால்தானே? சிஸ்டர் ஒரு நரம்பு வச்சுத் தொடுவாங்க. கண்ண மூடிக்கிட்டு, தொடும்போது மட்டும் தெரியுதுன்னு சொல்லுங்க."

தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழை. இடது காலில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கண்ணை மூடினாள். சோணையம்மாளையா ஏமாற்ற முடியும்? மூச்சை எண்ணிக்கொண்டு இடைவெளி விட்டு விட்டுச் சொன்னாள்.

"தெரியுது... ம், தெரியுது... இந்தா, இப்பத் தெரியுது."

கண்ணைத் திறந்தாள். நர்சு சத்யப்ரியாவின் கை மடியில் இருந்தது.

"இன்னும் தொடவே இல்லம்மா" என்றாள் அவள், மெல்ல.

"கண்ண மூடச் சொல்லிட்டுக் களவாணித்தனம் பண்றீகளா?" சோணையம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு பேரையும் பார்த்தாள். யாரை நம்புவது? கடைசியில் சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். அவளையும் நம்பவில்லைதான். ஆனால் அவளைத் திட்டுகிற பாத்தியதையாவது இருக்கிறது.

"ஏய், இங்கிட்டு வா. நீ வாங்கு அந்த நரம்ப. நீ தொடு. பொய் சொன்னேன்னா கண்ணு அவிஞ்சுபோகும்."

முத்துமீனா தரையில் மண்டி போட்டாள். சோணையம்மாள் கண்ணை மூடினாள். இந்தத் தடவை எண்ணவில்லை. உண்மையாகவே காத்திருந்தாள். வெளியே டோக்கன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"தொடுடி."

இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தாள்.

"தொடுடிங்கறேன்ல? எம்புட்டு நேரம் உக்காந்திருக்கிறது?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தே" என்றாள் முத்துமீனா.

சோணையம்மாள் கண்ணைத் திறந்தாள். நரம்பு வில்லாக வளைந்து பாதத்தில் குத்திக்கொண்டிருந்தது. மருமகளின் இன்னொரு கை குதிகாலைப் பிடித்திருந்தது. அதுவும் தெரியவில்லை. தன் காலை யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அப்ப... நெல்லு சுடாததும் இதானா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வலது காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துத் துணியை அவிழ்த்தாள். ராமக்காள் மூக்கை மூடப் போய், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நர்சிடம் இங்கிலீசில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சோணையம்மாள் மேசையை ஓங்கித் தட்டினாள்.

"தமிழ்ல பேசுங்க. எங்காலு இங்கதான இருக்கு? அதுக்கும் கேக்கட்டும்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில் சொன்னாள். "எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு படம் எடுத்துப் பாக்கணும். இங்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போகணும். பெருவிரல் போகலாம். காலைக் காப்பாத்தலாம்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது."

"விரலு போனாச் சால் போடலாமா?"

"வேணாம்மா. விரல் இருந்தாலும் வேணாம். சுடுறது தெரியாத காலை நெல்லுல வைக்கக்கூடாது."

மில் முதலாளியிடம் ஓரத்தில் உட்கார்ந்து புடைக்கிற வேலை கேட்டுப் பார்க்கலாம் என்றாள் ராமக்காள். ஜெயந்த் மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னான். சோணையம்மாள் எதற்கும் தலையாட்டவில்லை. முத்துமீனாவை மட்டும் கிட்டக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள்: "நாலு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேளு. காலு நிக்குமா நிக்காதான்னு. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமக் கேளு."

முத்துமீனா போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"எல்லாரும் ஒண்ணுதான் அத்தே சொல்றாக. இன்னைக்கே போனா நிக்குமாம்."

"ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரி."

"அதான் சந்தேகமா இருக்கு. பேசி வச்சுருப்பாக." சொல்லிவிட்டு எழுந்தாள். "சரி, மகனைக் கூப்புடு. அந்தச் சங்கு ஊதுற நூத்தியெட்டு வண்டி வேணாம். எம் புருசன் அதுலதான் போனாரு."

சிவபாண்டி லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் தார்ப்பாயை விரித்து ஏற்றினார்கள். முட்டைக்கோசு வாடை அடித்தது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மகன் சட்டைப்பையில் வைத்தான். அங்கே போய்ப் பேசுகிறேன் என்று நர்சு சத்யப்ரியாவும் முன்னால் ஏறிக்கொண்டாள். சோணையம்மாள் காலை நீட்டி மருமகள் மடியில் போட்டாள். வண்டி மில்லைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டுக்குப் போனது. மில் களத்தில் தார்ப்பாயை எடுத்து நெல்லை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மீனா."

"என்ன அத்தே?"

"அங்க போனதும் கட்டிலைச் சுத்தி நின்னுக்கிட்டுப் பேசுவாக. நீ வெளிய நிக்காத. என்னைய மாதிரி எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்காத. இடிச்சுத் தள்ளிக்கிட்டு நடுவுல போய் நில்லு."

"நிக்கிறேன் அத்தே."

"யாரு போகச் சொன்னாலும் போகாத."

"போக மாட்டேன்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சோணையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"தொட்டுக்கிட்டுத்தான இருக்க?"

"இருக்கேன் அத்தே."